உட்கார வைத்து அளவெடுத்தவர்

அவர் யாரையும் நிற்க வைத்து அளவெடுத்து நான் பார்த்ததில்லை.

மற்ற தையற்கடைகளில் நிமிர்ந்து நில், கையைத் தூக்கு, மூச்சைப் பிடி என்பார்கள். இவரிடம் போனால் முதல் வார்த்தையே "உட்காரு" என்பதுதான். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடை வரிசையின் மாடிப்படிக்கு அடியில் அவருடைய இடம். ஒரு தையல் மெஷின், ஒரு முக்காலி, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. முக்காலி அவருக்கு, நாற்காலி வருகிறவர்களுக்கு. கைப்பிள்ளையோடு வந்தால் பிள்ளையை மடியில் வைத்தபடியே அளவு கொடுக்க வேண்டும். பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு வந்தால், மெஷினுக்கு அடியிலிருந்து ஐந்து கிலோ அரிசிப் பை ஒன்றை எடுத்து மடியில் வைப்பார். அதைப் பிள்ளையைப் போலப் பிடித்துக்கொள்ள வேண்டும். சிரிக்கக் கூடாது.

"பால் குடுக்குறவளுக்கு நின்ன அளவு எதுக்கு? நின்னா எந்தத் துணியும் நல்லாத்தான் இருக்கும். உட்கார்ந்தாத்தான் அது நம்மளக் காட்டிக்குடுக்கும்" என்பார்.

அக்கா ஆள் உயரம், ஒல்லி. முடியைத் தோளுக்கு மேலே வெட்டியிருந்தார். எப்போதும் கறுப்புக் கால்சட்டையும் பூ அச்சடித்த பாத்தேக் சட்டையும்தான். சட்டையின் இடது தோளில் ஊக்குகள் வரிசையாகக் குத்தியிருக்கும். பள்ளிக்கூடச் சீருடையைக் குறுக்குவது, கால்சட்டைக்குக் கரை மடிப்பது, அறுந்த ஜிப்பை மாற்றுவது, இவைதாம் அவருக்குச் சோறு போட்ட வேலைகள். ஆனால் கிள்ளானிலிருந்து வரும் கொமுட்டர் ரயிலின் பெண்கள் பெட்டியில் அவரை வேறொன்றுக்காகத் தெரியும். பால் கொடுக்கிற பெண் எவளையாவது பார்த்துவிட்டால் அவரால் சும்மா இருக்க முடியாது. அவள் துணியைச் சரி செய்யாமல் விடமாட்டார். அவள் கேட்டாலும் சரி, கேட்காவிட்டாலும் சரி.

பெயர் எனக்குத் தெரியாது. கைப்பேசியில் 'ஜிப்பு அக்கா' என்று வைத்திருந்தேன். பெட்டியில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அந்தப் பெயருக்குக் காரணமான ஜிப்பைப் பால் கொடுக்கிற துணிகளில் வைப்பதை அவர் பிறகு கைவிட்டார். அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு.

நான் அதிகம் படிக்கவில்லை. மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், பள்ளிக்கூடம் முடிந்தது. செமினியில் பிறந்து, கையுறைத் தொழிற்சாலை, வண்டி கழுவும் இடம், செராஸில் ஓர் உணவுக்கடை என்று பதினோரு வேலை பார்த்தேன். பதினொன்றையும் நானாகத்தான் விட்டேன். ஓரிடத்தில் ஆறு மாதம் இருந்தால் எனக்குக் கால் பரபரக்கும். கணவரும் அப்படித்தான், லோரி ஓட்டுகிறவர். வடக்கே போனால் ஒரு வாரம், தெற்கே போனால் பத்து நாள். மகள் பிறந்தபோது கிள்ளானில் ஒரு வாடகை அறையில் இருந்தோம். அவளுக்கு நான்கு மாதம் ஆனபோது பன்னிரண்டாவது வேலையாக பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்குப் போனேன். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரலாம் என்றார்கள், அதனால்தான். பூ வரும் அட்டைப்பெட்டி ஒன்றில் துணி விரித்து அவளைப் போட்டுவிட்டு, பக்கத்தில் பலகையில் உட்கார்ந்து மல்லிகை தொடுப்பேன். உட்கார்ந்து செய்கிற வேலை என் வாழ்க்கையில் அதுதான் முதல். அதை விடக் கூடாது என்று நினைத்தேன். அப்படி நான் நினைத்த ஒரே வேலை என்னை விட்டுவிடும்போல இருந்தது.

கடைக்கார ஆன்டி கெட்டவர் இல்லை. முதல் நாளே சொல்லிவிட்டார்.

"இங்க வச்சுப் பால் குடுக்காதே பொண்ணு. சாமிக்குப் போற பூ. அது மேல ஒரு சொட்டு பட்டா யாரு பதில் சொல்றது? ஆம்பளைங்க வேற வந்து நிக்கிற இடம்."

"அப்ப எங்க ஆன்டி குடுக்கிறது?"

"பின்னால போயிக் குடு."

பின்னால் என்றால் கழிவறை. உட்கார இடம் கிடையாது. கதவுக்குத் தாழ்ப்பாளும் கிடையாது. ஒரு கையால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு, முதுகால் கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, நின்றபடியே கொடுப்பேன். ஒரு நாளைக்கு ஐந்து முறை, ஆறு முறை. நான் திரும்பி வரும்போது தொடுக்காத பூ குவிந்து கிடக்கும். ஆன்டி முகத்தைத் தூக்கி வைத்திருப்பார். மூன்றாவது வாரம் சனிக்கிழமை அவர் பொறுமை முடிந்தது.

"வர்ற மாசம் பூராவும் கல்யாண ஆர்டரு. இப்படிப் பாதி நேரம் உள்ள போயி நின்னா என்னால சமாளிக்க முடியாதுலா. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு முடிவு சொல்லு. பாட்டில் பழக்கு. இல்லாட்டி பிள்ளை வளர்ற வரைக்கும் வீட்டுல இரு. நான் வேற ஆளப் பாத்துக்குறேன்."

பாட்டிலைப் பழக்கிப் பார்க்காமல் இல்லை. மூன்று வகை ரப்பர் காம்பு வாங்கிப் பார்த்தேன். நாக்கால் தள்ளினாள். கரண்டியில் கொடுத்தேன், துப்பினாள். பசித்து அழுது மூச்சு வாங்கினாலும் பாட்டிலைக் கண்டால் வாயை மூடிக்கொள்வாள். என் மகள்தான், சந்தேகமில்லை.

அடுத்த திங்கட்கிழமை காலை ரயிலில் அவளுக்குப் பசி வந்துவிட்டது. நான் கணவரின் டீசட்டை போட்டிருந்தேன். டீசட்டையில் வேறு வழியில்லை, கீழிருந்து மேலே தூக்க வேண்டும். தூக்கினால் வயிறும் இடுப்பும் வெளியே தெரியும். அதனால் ஒரு குளியல் துண்டை என் கழுத்தில் கட்டிப் பிள்ளையின் தலை வரை மூடினேன். உள்ளே அவளுக்கு வேர்த்தது. காலால் உதைத்தாள், துண்டை இழுத்தாள், வீறிட்டாள்.

எதிர் இருக்கையில் ஒரு சீருடைக்குக் கரை தைத்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து துண்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"உள்ள என்ன, மாங்கா பழுக்க வச்சிருக்கியா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்க வேலையைப் பாருங்க" என்றேன்.

"இதான்மா என் வேலை. உன் மூஞ்சில துண்டைப் போட்டுச் சோறு குடுத்தா நீ சாப்பிடுவியா?"

அவர் எனக்கும் ஜன்னலுக்கும் இடையே இருந்த இடத்தில் வந்து உட்கார்ந்து, கையிலிருந்த சீருடையை விரித்து, நடைமேடைப் பக்கம் தெரியாதபடி என் பக்கவாட்டை மறைத்துப் பிடித்தார். துண்டை எடுத்தேன். பிள்ளைக்குக் காற்று பட்டது, குடித்தாள். பெட்டாலிங் தாண்டும்போது தூங்கிவிட்டாள்.

"நல்ல துணி எதுவும் இல்லையா உன்கிட்ட?"

"ஒரு பஞ்சாபி சூட் இருக்கு. ஜிப்பு முதுகுல."

"முதுகுல!" என்று பெட்டியில் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். "முன்னாடி கொக்கி வச்சு ரவிக்கை போட்டவரைக்கும் எல்லாப் பிள்ளையும் நேரத்துக்குப் பசியாறுச்சு. அப்புறம் ஃபேஷன்னு சொல்லிக் கொக்கிய முதுகுப் பக்கம் கொண்டு போயிட்டாளுங்க. பிள்ளை என்ன முதுகுலயா குடிக்கும்? நாளைக்கு அதை எடுத்துக்கிட்டு வா."

வெள்ளிக்கிழமைக் கதையைச் சொன்னேன். எந்தக் கடை என்று கேட்டார். சொன்னேன். தன் மாடிப்படி அங்கிருந்து எத்தனை கடை தள்ளி என்று சொன்னார். நாங்கள் இறங்க வேண்டிய சென்ட்ரல் வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை மதியம் சோற்று நேரத்தில் அவர் மாடிப்படிக்குப் போனேன். "உட்காரு" என்றார். உட்கார்ந்தேன். பிள்ளையை மடியில் வைக்கச் சொன்னார். பிறகு அவர் கேட்டது எனக்கு விசித்திரமாக இருந்தது.

"பூ கட்டிக் காட்டு."

"பூ இல்லையேக்கா."

மெஷின் டப்பாவிலிருந்து நூலும் ஒரு பிடி பட்டனும் எடுத்துக் கொடுத்தார். பட்டனைப் பூ என்று நினைத்துக்கொண்டு தொடுத்தேன். அவர் முக்காலியில் உட்கார்ந்து என் கைகளையே பார்த்தார். டேப்பைத் தொடவில்லை. ஒரு பத்து நிமிடம் அப்படியே போனது.

"உனக்கு வலது கையி நூலை விடாது. அப்ப பிள்ளை இடது தொடையில. திறக்குறது இடது கையி. அதுவும் முழுக் கையி இல்ல, கட்டைவிரல் மட்டும்தான் சும்மா இருக்கு. கண்ண மூடு."

மூடினேன்.

"பிள்ளை அழுவுது. கட்டைவிரல் எங்க போகுது?"

போன இடத்தில், போட்டிருந்த சட்டை மேலேயே, தையல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். "இதான் வாசல். பாக்காமத் திறக்கணும், பாக்காம மூடணும். நீ குனிஞ்சு தேடினா ஊரே உன்னோட சேர்ந்து குனிஞ்சு தேடும்."

பிறகு என் பஞ்சாபி சூட்டின் மேல்சட்டையை மெஷின் மேசையில் விரித்தார். கிளிப்பச்சை நிறம். தீபாவளிக்கு எடுத்தது, இரண்டே முறை உடுத்தியிருந்தேன். கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை, கத்தரியை வைத்து மார்புப் பக்கம் இரண்டு இடத்தில் சரக் சரக்கென்று வெட்டினார்.

"ஐயோ அக்கா! இது ஒண்ணுதான் என்கிட்ட இருக்கிற நல்ல துணி!"

"அதனாலதான் வெட்டுறேன். நல்லதைப் பொட்டியில பூட்டி வச்சுட்டுப் புருஷன் சட்டையில அலையுற. வீட்டுல நைட்டி, வெளிய துண்டு. பிள்ளை பெத்தவ கண்ணாடியே பாக்கக் கூடாதுன்னு எவன் சொன்னான்?"

புதன்கிழமை காலை ரயிலில் துணி கைக்கு வந்தது. மார்புக்கு இரு பக்கமும் மடிப்புக்குள் ஒளிந்த ஜிப். கழுத்தைச் சுற்றி யாரோ கொடுத்த பழைய பட்டுச் சேலையிலிருந்து எடுத்த அரக்கு நிறக் கரை. அந்தக் கரை எதற்கு என்று கேட்டேன்.

"பாக்குறவங்க கண்ணு எங்கயாவது ஒரு இடத்துல நிக்கணும்ல? கழுத்துல நிக்கட்டும். கீழ எறங்காது."

பக்கத்தில் ஓர் ஆசிரியை உட்கார்ந்திருந்தார். கிள்ளானில் ஏறுகிறவர், அக்காவிடம் முன்பு துணி தைத்துக்கொண்டவர். என் ஜிப்பைப் பார்த்துவிட்டு, "நீ தப்பிச்ச தங்கச்சி" என்றார். "எனக்குத் தைக்கிறப்ப அக்கா வெல்க்ரோ வச்சாங்க. இழுத்தா பிரியும், அழுத்தினா ஒட்டும். நல்லாத்தான் இருந்துச்சு. ஞாயித்துக்கிழம சர்ச்சுல எல்லாரும் கண்ண மூடி மௌனமா ஜெபம் பண்றாங்க. பிள்ளை சிணுங்குறான். நான் மெதுவாத்தான் இழுத்தேன்..." வாயால் பர்ர்ர்ர் என்று ஒரு சத்தம் போட்டுக் காட்டினார். "பாஸ்டரே கண்ணத் திறந்துட்டாரு!"

பெட்டி சிரித்தது. அக்கா தலையைத் தூக்காமல் தைத்துக்கொண்டிருந்தார்.

"கல்யாணத்துக்குப் போன ஒருத்தி என்ன பண்ணுறதுன்னு கேட்டப்ப, கெட்டிமேளம் கொட்டுற வரைக்கும் பொறுத்துக்கோ, கொட்டினதும் இழுன்னு சொன்னாங்க. இல்லக்கா?" என்று ஆசிரியையே தொடர்ந்தார்.

"அது கேட்டுச்சா? கேக்கலையில்ல" என்றார் அக்கா. மிச்சமிருந்த வெல்க்ரோச் சுருளை அவர் தூக்கிப் போடவில்லை. மாடிப்படிக்கு அடியில், உட்கார்ந்தால் கண்ணில் படுகிற இடத்தில் ஆணியில் மாட்டியிருந்தார்.

வியாழக்கிழமை என் முறை. ஆன்டி பக்கத்துக் கடைக்குப் போயிருந்தார். முதல்முறையாகப் பலகையில் உட்கார்ந்தபடியே மகளை இடது தொடையில் சாய்த்துக் கட்டைவிரலால் ஜிப்பை இறக்கினேன். வெண்ணெய் போல இறங்கியது. குடித்தாள். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் குடித்து முடித்ததும் ஜிப்பை மேலே ஏற்றினேன். பாதியில் நின்றது. இழுத்தேன், என் கழுத்தும் சேர்ந்து இழுபட்டது. குனிந்திருந்தபோது தாலிக்கொடி மடிப்புக்குள் விழுந்திருக்கிறது. ஜிப்பின் பல் அதைக் கவ்வியிருந்தது.

ஏற்றவும் முடியவில்லை, இறக்கவும் முடியவில்லை. மாலை வாங்க ஓர் ஆள் வந்து நின்றார். "சம்பங்கி மாலை இருக்கா அக்கா?" என்றார். நான் தாடையை மார்பில் வைத்தபடி, "இருக்கு அண்ணே, நீங்களே எடுத்துக்குங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே எடுத்துப் போனார். கொடியை அறுக்க முடியாது. ஒரு பெண் கழுத்தில் கிடக்கிறதைக் கழற்றிவிட்டுப் போ என்று யாரும் சொல்லவும் முடியாது. ஆன்டி திரும்பி வந்தார். கழுத்து பிடித்துக்கொண்டது என்று சொல்லிவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் அத்தனை கடையையும் தாண்டி மாடிப்படிக்கு நடந்தேன். புது மணப்பெண் மாதிரி நடந்ததாகப் பிறகு ஒரு கடைக்காரர் சொன்னாராம்.

அக்கா என்னை உட்கார வைத்தார். மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, ஊசி முனையால் பல் பல்லாக விலக்கினார். கொடி வந்துவிட்டது. அவர் டேப்பை எடுத்து அதன் நீளத்தை அளந்தார்.

"எல்லாத்தையும் அளந்தேன். தாலிய அளக்கல. நான் போடுறதில்ல பாரு, ஞாபகம் வரல" என்றார்.

ஏன் போடுவதில்லை என்று நான் கேட்கவில்லை. முந்தின நாள் ரயிலில், உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டிருந்தேன். "கிள்ளான் ரயில் லைன்லயா, சிரம்பான் லைன்லயா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு ஊசியில் நூல் கோக்கப் போய்விட்டார். அந்தப் பக்கம் அவர் யாரையும் விட்டதில்லை.

"நாளைக்கு வெள்ளிக்கிழமைக்கா" என்றேன்.

"தெரியும். துணியக் கழட்டு. என் சட்டையப் போட்டுக்கிட்டுப் போ."

அவருடைய பாத்தேக் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு போனேன். அன்று மிச்ச நேரமெல்லாம் மறுபடியும் கழிவறையில் நின்றுதான் கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் ஆன்டி கடிகாரத்தைப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை காலை கிள்ளானில் ஏறும்போது அக்கா எனக்காக ஜன்னலோர இடத்தில் பையை வைத்திருந்தார். பைக்குள் அதே கிளிப்பச்சைச் சட்டை. முன்னால் ஜிப் இல்லை, கொக்கி இல்லை, பட்டன் இல்லை. மேலே ஓர் அடுக்குத் துணி, சின்ன மேற்சட்டையைப் போல மார்புக்குக் கீழே வரை தொங்கியது. அதன் ஓரத்திலும் அரக்குக் கரை. உள்ளே இருந்த துணியில் இரு பக்கமும் ஒரு பிளவு. மேல் அடுக்கைக் கட்டைவிரலால் கொஞ்சம் தூக்கினால் போதும். விட்டால் அதுவே விழுந்து மூடிக்கொள்ளும். வெளியே பார்த்தால் இரண்டு அடுக்குச் சட்டை, கடையில் மாட்டி வைக்கிற மாதிரி. வயிறு தெரியாது, முதுகு தெரியாது. கொடி சிக்க அதில் ஒன்றுமே இல்லை.

"கொடிய உள்ள விட்டு அஞ்சு தடவ குனிஞ்சு நிமிரு" என்றார். துண்டால் மறைத்து அதை மாற்றிக்கொண்டு, ரயிலில் உட்கார்ந்தபடியே குனிந்து நிமிர்ந்தேன். பெட்டியில் எல்லாரும் எண்ணினார்கள்.

அன்று கடையில் நல்ல கூட்டம். மகளுக்குப் பசி வந்தது. இடது தொடையில் சாய்த்தேன், கட்டைவிரல் தன் வேலையைச் செய்தது. வலது கை மல்லிகையை விடவில்லை. அப்போது ஆன்டி கல்லாவை விட்டு எழுந்து என் எதிரே வந்து நின்றார்.

"என்ன பொண்ணு, முடிவு பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன் ஆன்டி."

"பாட்டில் குடிக்கிறாளா?"

"இல்ல ஆன்டி. ஆனா இனிமே பின்னால போக மாட்டேன். வேலையும் நிக்காது."

"அதெப்படி? எப்பக் குடுப்ப?"

"இப்பக் குடுத்துக்கிட்டுத்தான் ஆன்டி இருக்கேன்."

ஆன்டி பிள்ளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குனிந்து மல்லிகைத் தட்டை இழுத்து, ஈரத்துணியை விலக்கி, பூவைக் கையால் அளைந்து பார்த்தார். தொடுத்து வைத்த சரத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். நான் நூலை விடாமல் தொடுத்துக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அன்று மாலையே வேலை போய்விடும். மகள் குடிப்பதை நிறுத்தி அவரைத் திரும்பிப் பார்த்தாள். மேல் துணி தானாக விழுந்து மூடியது.

ஆன்டியின் கண் என் கழுத்தில் வந்து நின்றது.

"இந்தக் கரை எங்க எடுத்த?"

சொன்னேன்.

"மாடிப்படிக்கு அடியில ஒருத்தி ஜிப்பு மாத்துவாளே, அவளா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "செராஸ்ல என் மருமக ரூமச் சாத்திக்கிட்டே கெடக்குறா. பிள்ளை பொறந்து மூணு மாசமாச்சு. கோயிலுக்குக் கூப்பிட்டா வரல, கடைக்குக் கூப்பிட்டா வரல. என்னத்தப் போட்டுக்கிட்டு வர்றதுன்னு அழுவுறா. அவளுக்கு இந்த மாதிரி நீலத்துல கிடைக்குமா கேளு" என்றார். கல்லாவுக்குத் திரும்பிப் போகும்போது, "பூவ மட்டும் அந்தப் பக்கமா வச்சுக்கோ" என்று தட்டை என் வலப்பக்கம் நகர்த்தி வைத்தார். அவ்வளவுதான் அவருடைய நிபந்தனை.

அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. "மருமக எந்தப் பக்கம் பிள்ளையப் போடுவா? தெரியாதா? அப்ப நேரா வரச் சொல்லு. வந்து உட்காரட்டும்" என்றார். கூலி என்று என்னிடம் ஒன்றும் வாங்கவில்லை. தினமும் ஒரு முழம் மல்லிகை கொண்டு போய்க் கொடுப்பேன். வைத்துக்கொள்ள முடி போதாததால் மெஷின் தலையில் சுற்றி வைத்துவிட்டுத் தைப்பார்.

நல்லதை மட்டும் சொன்னால் அது அவர் ஆகாது. ஒரு நாள் ஷா ஆலமில் ஒரு பெண் கைப்பிள்ளையோடு ஏறினாள். பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். அக்காவின் ஊசி நின்றது.

"ஏம்மா பாட்டிலு? பால் இல்லையா, கூச்சமா? துணிதான் பிரச்சினைன்னா என்கிட்ட வா. சும்மா பாட்டிலக் குடுத்துப் பழக்காத" என்றார். எங்கள் எல்லாரிடமும் பேசுகிற அதே குரல்தான்.

அந்தப் பெண் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மருந்து சாப்பிடுறேன் அக்கா. குடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. பால் வந்துச்சு. துணியால கட்டி நிறுத்துனேன்."

அக்கா தைப்பதை விட்டுவிட்டு சென்ட்ரல் வரை கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. என் துண்டைத் தூக்கிப் பார்த்த கை அது, எல்லார் துண்டையும் தூக்கலாம் என்று நினைத்துக்கொண்டது.

அதன் பிறகு ஒவ்வொரு காலையும் ஷா ஆலம் வந்ததும் கதவையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பெண் வரவில்லை. இரண்டு வாரம் கழித்து வந்தாள். எங்களைப் பார்த்ததும் அடுத்த பெட்டிக்குப் போகத் திரும்பினாள். அக்கா எழுந்து போய் அவள் கையைப் பிடித்து அழைத்து வந்து, தன் இடத்தில் உட்கார வைத்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்துக் கொடுத்தார். இளஞ்சிவப்பு, அதே இரண்டு அடுக்கு, அதே பட்டுக் கரை. ஆனால் உள்ளே பிளவு இல்லை. இடது பக்கம் மார்பை ஒட்டி, கனத்த பருத்தித் துணியில் ஆழமாக ஒரு பை.

"பாட்டில இதுல வை. உன் உடம்புச் சூட்டுலயே இருக்கும். பிள்ளையும் அந்தப் பக்கம் தேடித்தானம்மா சாயும்" என்றார். கண்ணளவிலேயே தைத்தது. அவர் ஒருத்தியை உட்கார வைத்து அளக்காமல் தைத்த ஒரே துணி அது என்று நினைக்கிறேன். மன்னிப்பு என்ற சொல்லை அவர் வாயால் சொல்லவில்லை.

அந்தப் பெண் வெகு நேரம் சட்டையை மடியில் வைத்திருந்தாள். பிறகு பாட்டிலை எடுத்து அந்தப் பைக்குள் இறக்கிப் பார்த்தாள்.

"சரியா இருக்குக்கா" என்றாள்.

மகளுக்கு ஒன்றரை வயதானபோது அவள் பாலை மறந்தாள். சோறு தின்றாள், பூவையும் தின்றாள். எனக்கு மறுபடியும் கால் பரபரத்தது. சுங்கை பூலோவில் செடி வளர்த்து விற்கும் இடத்தில் ஆள் கேட்டார்கள். ஆன்டியிடம் சொன்னபோது, "இவ்வளவு நாள் கழிச்சு இப்பவா போற, அறிவிருக்கா உனக்கு?" என்று திட்டிவிட்டு, மகளின் தலையில் கனகாம்பரம் வைத்துவிட்டார். பன்னிரண்டாவது வேலையையும் நானாகத்தான் விட்டேன்.

அக்காவிடம் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை பால் மறந்ததும் துணியைத் திரும்பக் கொண்டு போகச் சொல்வார். பிளவைத் தைத்து மூடிக் கொடுப்பார், பிறகு அது எல்லாரும் உடுத்துகிற சட்டையாகிவிடும். நானும் கிளிப்பச்சையைப் போட்டுக்கொண்டு, மகளை நடத்திக்கொண்டு போனேன். பச்சை கொஞ்சம் வெளுத்திருந்தது. கரை அப்படியே இருந்தது.

அக்கா பச்சை நூலைக் கோத்தார். "மூடிரவா?"

"வேணாம்க்கா. அப்படியே இருக்கட்டும்."

அவர் என் வயிற்றைப் பார்த்தார். "இன்னொண்ணா?"

"ஐயோ, இல்லக்கா! ரயில் கார்டும் ஐசி அடையாள அட்டையும் உள்ள வச்சுக்கறேன். தனியா அலையுறவளுக்கு அதவிடப் பத்திரமான இடம் இல்ல."

அக்கா சத்தமாகச் சிரித்தார். அவ்வளவு நாளில் ரயில் முழுவதையும் சிரிக்க வைத்தவர் தான் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

"அப்ப அடியில ஒரு பை வைக்கணும். இல்லாட்டி உன் ஐசி சுங்கை பூலோ போறதுக்குள்ள கால் வழியா விழுந்துரும். உட்காரு."

"இப்ப எதுக்குக்கா? மடியில பிள்ளை இல்லையே. நின்னுக்கிட்டே அளந்துருங்க, எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு."

"உனக்கு எப்பதான் நேரமாகல? உட்காருடி."

மகள் எனக்கு முன்னால் ஒரு நாற்காலியில் ஏறி, காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அந்த இடம் என்னைவிட நன்றாகத் தெரியும். நான் பையைக் கீழே வைத்துவிட்டு மற்ற நாற்காலியில் உட்கார்ந்தேன். அக்கா தோளிலிருந்து ஓர் ஊக்கை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு டேப்பை என் கழுத்திலிருந்து இறக்கினார். நான் என்னை அறியாமல் வயிற்றை உள்ளே இழுத்து, நிமிர்ந்து, மூச்சைப் பிடித்தேன்.

"மூச்ச விடு" என்றார்.

விட்டேன்.